மதினி வீட்டுக்குப் போன கிளி

எங்கள் கிளிக்கு நாங்கள் பேர் வைக்கவில்லை. வைக்க வேண்டும், வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏழு வருஷம் ஓடிவிட்டது. காலையில் கூண்டின் மேல் போர்த்திய துணியை எடுக்கும்போது என் வீட்டுக்காரர் "ஏலே" என்பார். அதுதான் தன் பேர் என்று அது எடுத்துக்கொண்டது. பிறகு ஊரில் எல்லோருக்கும் அதே பேர்தான் என்று முடிவு செய்துவிட்டது. பால்காரர், சிலிண்டர் தூக்கி வருபவர், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா எல்லோரையும் "ஏலே" என்றுதான் கூப்பிடும். அந்த அம்மா மட்டும் விடமாட்டார். "ஏமி சிலுகா, மரியாத லேதா? என்ன கிளி, மரியாத இல்லையா?" என்று கூண்டுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்பார். அது தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் "ஏலே" என்னும்.

என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. மலையடிவாரத் தோப்பு ஒன்றில் பம்புசெட் ரிப்பேருக்குப் போனவர், அங்கே பட்டுப்போன தென்னை ஒன்றை வெட்டிச் சாய்த்தபோது பொந்திலிருந்து விழுந்த இரண்டு குஞ்சுகளை, தாமிரக் கம்பி வரும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். இறகு முளைக்காத, கண் திறக்காத இரண்டு சதைத் துண்டுகள். ஒன்று மறுநாளே செத்துவிட்டது. மற்றதுதான் இது. மூன்றாவது வருஷம் கழுத்தில் சிவப்புப் பட்டை விழுந்தபோதுதான் ஆண் என்று தெரிந்தது.

நான் அப்போது பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்கு வெளியே வரலாம். வெள்ளைத் துணியை விளக்குக்கு மேல் ஓடவிட்டு, நூல் அறுந்த இடம், எண்ணெய்க் கறை எல்லாம் பார்த்துக் குறி போட வேண்டும். எட்டு மணி நேரம் வெள்ளையையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பச்சையைப் பார்ப்பது எனக்கு ஒரு பெரிய சந்தோஷம். மகள் மதுரையில் நர்சிங் படிக்கப் போன பிறகு வீட்டில் வாய் ஓயாமல் பேசும் ஒரே ஜீவன் அதுதான்.

ஆனி மாசக் கடைசியில் ஒருநாள் அது "ஏலே" சொல்லவில்லை. நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஒரு கண் வீங்கியது. மூச்சு விடும்போது உள்ளே மெல்லிசாக விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. கடலையைக் கொடுத்தால் வாயில் வாங்கி, வைத்திருந்து, கீழே போட்டுவிடும்.

நாய்க்குப் பேர்போன ஊர் எங்கள் ஊர். நாய் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரிடம் கொண்டுபோனோம். அந்த டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டார். "நாய்னா இப்பவே பாத்துருவேம்மா. பறவையத் தொட்டுப் பழக்கமில்ல. நான் ஏதாவது செஞ்சு போயிட்டுன்னா ஒங்களுக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம். சீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு லேடி டாக்டர் புதுசா வந்திருக்காவ. பறவைன்னா அவிய கொஞ்சம் ஆசையாப் பாப்பாவன்னு கேள்வி."

மறுநாள் வேலை முடிந்ததும் ஒயர் கூடையில் பேண்டேஜ் துணியை மெத்தையாக விரித்து, கிளியை வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கூடையைப் பார்த்து "கோழியாக்கா?" என்றார். கிளி என்றேன். "பேசுமா?" என்று ஆசையாகக் குனிந்தார். "பேசும். இப்பத்தான் பேச மாட்டேங்கு" என்று சொல்லித் துண்டை இழுத்து மூடினேன். அவர் முன்சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி என்னை உட்காரவைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஆடுகள் வரிசையாக நின்றன. சினைப் பசு ஒன்றைக் கட்டைகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். டாக்டருக்கு முப்பது வயசு இருக்கும். தோள்வரை ரப்பர் உறை மாட்டிய கையைப் பசுவுக்குள் விட்டபடியே, "உள்ள உக்காருங்க்கா, வந்தர்றேன்" என்றார். பேச்சிலேயே கொங்குப் பக்கம் என்று தெரிந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து கூடைத் துண்டை விலக்கினார். உடனே தொடவில்லை. ஒரு நிமிஷம் அது மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்தார். "எங்கூட்ல மாவு நிறுக்கறதுங்க. ஆஸ்பத்திரித் தராசுல இதைய வெச்சா முள்ளே அசையாது." கிளியைத் துணியோடு சுற்றி அதில் வைத்தார். துணியின் எடையைக் கழித்தால் எண்பத்தெட்டு கிராம்.

"நூத்தி இருவதாச்சும் இருக்கோணும்" என்றார்.

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நாக்குக்கு அடியிலும் மேல்தாடையிலும் தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் திட்டுகள்.

"என்ன குடுப்பீங்க சாப்பிட?"

"எல்லாம் குடுப்போம் டாக்டர். தயிர்ச்சோறு, கடலை, மிளகாப்பழம். சாயங்காலம் எங்களோட சேர்ந்து சேவு திங்கும். இந்த ஊருக்கு யாராவது வந்துட்டு வந்தா பால்கோவா."

"பால்கோவாவா?"

"கொஞ்சமாத்தான். ரொம்ப விரும்பிச் சாப்பிடும்."

"விரும்பித்தான் சாப்பிடுங்க்கா. நானுந்தான் விரும்பிச் சாப்பிடறேன்" என்றார். சிரிக்கவில்லை.

கோபமாகச் சொன்னதாக எனக்குப் படவில்லை. ஆனால் அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல நான் சின்னதாகிக்கொண்டே போனேன். வருஷக்கணக்கில் கீரையும் பழமும் போதாமல், உடம்பில் சத்து இறங்கி, வாய்க்குள் தோல் தடித்து, அதில் சீழ் பிடித்திருக்கிறது. பட்டினி போட்டு இப்படி ஆகவில்லை. ஆசை ஆசையாகக் கொடுத்ததில் ஆகியிருக்கிறது.

ஊசி போட்டார். தன் கல்லூரி வாத்தியார் ஒருவருக்கு போன் போட்டு, என் முன்னாலேயே ஒவ்வொரு மருந்தாக அளவு கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார். "என் கை மாடு பாத்த கைங்க. கிளிக்கு வைத்தியம் பண்ணது காலேஜ்ல ரெண்டு தடவை. அதனால தெனமும் நான் பாக்கோணும், தெனமும் எடை போடோணும். ஆனா தெனமும் இதைய பஸ்ல கொண்டுட்டு வந்தீங்கன்னா மூணே நாள்ல போயிரும். ஆட்டமே ஆகாது. இந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். நான் சொன்னது பொய். அங்கிருந்து நடந்தால் பத்து நிமிஷத்தில் என் மதினி வீடு. என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. ஆறு வருஷமாக அந்த வாசலை நாங்கள் மிதிக்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் வயசுக்கு வந்து சடங்கு வைத்தபோது, முதல் தண்ணீர் ஊற்றும் உரிமை அத்தைக்கு. மதினி பட்டுப்பாவாடையும் பித்தளைக் குடமுமாக முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் அவர் புருஷன் தவறியிருந்தார். குடத்தைத் தூக்கப் போகும்போது எங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருத்தர், "தாலியில்லாதவ எதுக்கு மொதத் தண்ணி ஊத்தணும், வேற ஆள் ஊத்தட்டும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. மதினி குடத்தை இறக்கிவைத்தார். பாவாடையை என் மகள் மடியில் வைத்தார். சாப்பிடாமல் போய்விட்டார். என் வீட்டுக்காரர் பந்திக்கு இலை வாங்கப் போயிருந்தார். வந்து விஷயம் தெரிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அதற்குள் பஸ் போய்விட்டது. போனில் சமாதானம் பேசப் போய், பேச்சு வளர்ந்து, அக்காவும் தம்பியும் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

கூடைக்குள் அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நடக்க ஆரம்பித்தேன்.

மதினிதான் கதவைத் திறந்தார். மகன் திருப்பூரில். இவர் மட்டும் இங்கே. முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது.

"என்னது அது, மூச்சு இழுக்கு?"

"கிளி, மதினி. சீக்கா இருக்கு. டாக்டரு பஸ்ல கொண்டுட்டுப் போகக் கூடாதுங்காவ..."

நான் கேட்டு முடிக்கவில்லை. மதினி கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வெயில்ல நிக்காத, உள்ள வா ஏட்டி" என்றார்.

மதினி அரசு ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எடை குறைந்து பிறந்த எத்தனையோ பிள்ளைகளைப் பஞ்சில் பொதிந்து, சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிப் பிழைக்கவைத்த கை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் மருந்துக் கரைசல், காய்கறிக் கூழ். ஊசியில்லாத சிரிஞ்சில் புகட்ட வேண்டும். எப்போதும் சூடு இருக்க வேண்டும். "இம்புட்டுத்தானா?" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "அங்கயா விட்டுட்டு வந்த?" என்றார். "ஆமா" என்றேன். எழுந்துபோய் வெறும் கூண்டின் மேல் துணியைப் போர்த்தினார். "சரி, சாப்பாட்டைப் போடு" என்றார்.

மறுநாளிலிருந்து இதுவே என் வழக்கமாகிவிட்டது. இரண்டு மணிக்குக் கம்பெனி விட்டதும் பஸ். மூன்று மணிக்கு மதினி வீடு. பையில் கேரட், பறங்கி, முருங்கைக்கீரை எல்லாம் இருக்கும். நான் வேகவைத்து அரைப்பேன், மதினி துணியில் வடிகட்டுவார். மாலையில் இருவரும் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடிக்காத குறையாக டாக்டரிடம் நடப்போம். முதல் மூன்று நாளில் எடை எண்பத்தெட்டு, எண்பத்தேழு, எண்பத்தாறு.

சிரிஞ்சைப் பார்த்தாலே கிளி மிரண்டது. தலையை உதறும், மூச்சு இன்னும் இரைக்கும், பாதி வெளியே போய்விடும். நாலாவது நாள் நான் போனபோது மதினி சிரிஞ்சைக் காணாமல் ஆக்கியிருந்தார். கையில் பழைய பித்தளைப் பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்டும் அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். அதன் மூக்கைக் கிளியின் அலகுக்குப் பக்கவாட்டில் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, ஊற்றாமல், அப்படியே காத்திருந்தார். கிளி முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு கறுத்த நாக்கை நீட்டி நக்கியது. அப்புறம் இன்னொரு தரம்.

"ஊத்தப்படாது ஏட்டி. அதா குடிக்கணும். ஊத்துனா பொரையேறிரும். பிள்ளையளுக்கும் இதான்."

அன்று டாக்டர் இதைக் கேட்டுவிட்டுப் பாலாடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடனே போட்டோ எடுத்துத் தன் வாத்தியாருக்கு அனுப்பினார். "எனக்கு இது தோணவே இல்லையே, பெரியம்மா" என்றார். அதிலிருந்து மதினி அவருக்குப் பெரியம்மா.

அதே நாள்தான் என் வீட்டுக்காரர் வந்தார். சூட்டுக்கு நாங்கள் வெறும் பல்பைத் தொங்கவிட்டிருக்கிறோம், சில நேரம் அதிகமாகிவிடுகிறது என்று நான் சொல்லியிருந்தேன். கடையில் உட்கார்ந்து, பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, சூடு ஏறினால் தானே அணைந்து, இறங்கினால் தானே எரியும்படி பல்பு பொருத்தி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் இறங்கவில்லை. வாசலில் வண்டியை ஓடவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டால் அப்படியே திரும்பிவிடுகிற மாதிரி.

மதினி கையில் பாலாடையோடு வாசலுக்கு வந்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு தம்பியைப் பார்க்கிறார்.

"ஏலே, வண்டிய அணைச்சுட்டு உள்ள வா. பொகை பூரா வீட்டுக்குள்ள வருது. கிளிக்கு ஆகாது."

அவர் அணைத்தார். உள்ளே வந்தார். பெட்டியை எங்கே வைப்பது, பிளக் எங்கே இருக்கிறது என்று பேசினார்கள். "காப்பி குடிக்கியா?" என்று அக்கா கேட்டார். "குடிக்கேன்" என்று தம்பி சொன்னார். அவ்வளவுதான். வேறு எதையும் அவர்கள் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று காலையில் மதினியிடமிருந்து போன். "ஏட்டி, குடிக்க மாட்டேங்கு. கண்ண மூடிக்கிட்டே இருக்கு." கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன். ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் ஜனம். மஞ்சள் சேலையும் மொட்டைத் தலையும் மோர்ப்பந்தலுமாக இருந்த கூட்டத்துக்குள் தேரைப் பார்க்கப் போகாத ஒரே ஆள் நான்தான் என்று தோன்றியது. எல்லோரும் ஒரு பக்கம் போக நான் எதிர்ப்பக்கம் முண்டிக்கொண்டு போனேன்.

டாக்டருக்கு லீவு நாள். போன் போட்டதும் வருகிறேன் என்றார். வண்டி வர வழியில்லாமல் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நடந்தே வந்து சேர்ந்தார். சுடிதாரெல்லாம் வேர்வை. மாவுத் தராசைக் கொண்டுவர மறக்கவில்லை.

எண்பத்தோரு கிராம்.

தொடையின் உட்பக்கத் தோலைத் தூக்கி, மெல்லிய ஊசியால் வெதுவெதுப்பான குளுக்கோஸ் தண்ணீரை ஏற்றினார். தோலுக்கடியில் சின்ன எலுமிச்சை விதை அளவுக்குப் புடைத்தது. "இது உறிஞ்சிட்டா நல்லதுங்க. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். நான் மறுபடி வர்றேன்" என்றார். இதற்கு மேல் தன்னால் முடியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் போன பிறகு மதினியும் நானும் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் தேர் நகரும்போதெல்லாம் ஜனங்கள் எழுப்பும் சத்தம் வந்து வந்து அடங்கியது. "தேர்ல இருக்க தாயார் கையிலயும் ஒரு கிளி இருக்கு. அவளுக்குத் தெரியும்" என்று மதினி ஒருதரம் சொன்னார். எனக்கு என்ன தோன்றியதோ, வார்த்தை தானாக வந்துவிட்டது.

"மதினி, அன்னைக்கு நான் வாயத் தெறந்திருக்கணும்."

"என்னைக்கு?" என்றார். தெரியாமல் கேட்கவில்லை.

"சடங்கன்னைக்கு."

பெட்டியின் மேல் கிடந்த துணியை நீவிவிட்டார்.

"அவிய சொன்னதுக்கு நான் வருத்தப்படல ஏட்டி. எத்தன வீட்டுல கேட்டாச்சு. அவிய அப்படித்தான் சொல்லுவாவ. நான் ஒன் மொகத்தத்தான் பாத்தேன். நீ முந்தானையச் சரி பண்ணிக்கிட்டு நின்ன."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. ஆமாம். சரியாக இருந்த முந்தானையை எடுத்து மறுபடி சரி செய்தேன். அந்த நேரத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"பயமா இருந்துச்சு மதினி. அம்புட்டுப் பேரும் நின்னாவ."

"தெரியும். பயந்தவ மொகம் எனக்குத் தெரியாதா? வார்டுல முப்பது வருசம் அதத்தான பாத்தேன்." என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சாலும் வலிச்சுது."

நான் அழுதேன். அவர் சமாதானப்படுத்தவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, "சூடு பத்தல, அந்தத் துணிய இன்னுங்கொஞ்சம் இழுத்து விடு" என்றார். இழுத்துவிட்டேன்.

நாலு மணி சுமாருக்கு, அலகில் ஒட்டியிருந்த கூழைத் துடைப்பதற்காக ஈரப் பஞ்சோடு விரலைக் கொண்டுபோனேன். கிளி கண்ணைத் திறக்காமலே என் விரலைக் கடித்தது. லேசாக இல்லை, ரத்தம் வருகிற கடி. நான் கத்திவிட்டேன். உள்ளே வந்துகொண்டிருந்த டாக்டர் வாசலிலேயே நின்று, "கடிச்சுதா? நெசமாவே கடிச்சுதா?" என்று கேட்டார். என் விரலைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்க முடியாது. அன்று வீடு திரும்பும்போது கட்டுப்போட்ட விரலைப் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எடை ஏறியது. ஒரு நாளைக்கு ஒரு கிராம், சில நாள் அரை கிராம். கோவைப்பழம் கிடைத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். மதினி விடிந்ததும் கண்மாய்க் கரைவரை நடந்துபோய் வேலிகளில் தேடிப் பறித்துவந்தார். வாயிலிருந்த திட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆவணி பிறந்து நாலைந்து நாளில், டாக்டர் தராசை எடுத்துவைத்துக்கொண்டிருக்கும்போது, கிளி அவரைப் பார்த்துத் தெளிவாக "ஏலே" என்றது. "என்னையவா சொல்லுது?" என்று கேட்டார். "ஒங்களத்தான்" என்றார் மதினி.

நூற்றுப் பத்தொன்பது கிராம் வந்த அன்று அதைக் கூட்டிப்போகலாம் என்று கூண்டோடு வந்திருந்தோம். என் வீட்டுக்காரரும் இருந்தார். டாக்டர் கிளியின் இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "இதைய யாரு வெட்டறது?" என்று கேட்டார்.

"நாந்தான். பறந்து போயிரும்லா" என்றார் இவர்.

டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நான் மொத நாளே சொல்லியிருக்கோணும். சொன்னா பயந்துட்டு எடுத்துட்டுப் போயிருவீங்க, வீட்லயே செத்துப்போயிரும்னு சொல்லல. நாட்டுக் கிளிய வீட்ல வளக்கறது சட்டப்படி தப்புங்க. தெரியாம வளத்தீங்க, புரியுது. ஆனா இப்பத் தெரிஞ்சுபோச்சில்லீங்களா."

எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் கிளி இருக்கிறது. தப்பு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. "நான் எடுத்திருக்காட்டா அன்னைக்கே எறும்பு தின்னிருக்கும் டாக்டர்" என்றார். குரல் உடைந்திருந்தது.

"ஆமாங்க. நீங்கதான் காப்பாத்துனீங்க. அதையும் யாரும் இல்லைங்கல."

டாக்டரே வனத்துறையில் பேசினார். ஒருவர் வந்து பார்த்தார். நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் சத்தம்கூடப் போடவில்லை. இறகு முளைத்துப் பறக்கப் பழகும்வரை டாக்டர் மேற்பார்வையில் இங்கேயே இருக்கட்டும், பிறகு விட்டுவிடலாம் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

மதினி வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதை ஒழித்து, குறுக்கே மரக்கிளைகளைக் கட்டினார் என் வீட்டுக்காரர். கூண்டு கிடையாது. வெட்டுப்பட்ட இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து புது இறகுகள் வர மாசக்கணக்கானது. முதலில் கிளையிலிருந்து தொப்பென்று விழும். பிறகு சுவர்வரை போகும். ஒருநாள் அறையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு என் தலையில் வந்து உட்கார்ந்தது. அதுவரை அது பறக்கத் தெரிந்த பறவை என்பதே எனக்கு மனசில் பட்டதில்லை.

அந்த மாசங்களைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். புரட்டாசி சனிக்கிழமை, பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். இறங்கி நடந்தால் தெருவில் பால் சுண்டக் காய்ச்சும் வாசனை. மதினி எனக்கென்று ஒரு தட்டு மூடி வைத்திருப்பார். சாப்பிட்டுவிட்டு இருவரும் மாடியில் சோளக்கதிரோடு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. மதினி வார்டுக் கதைகள் சொல்வார். ஒரே நாளில் மூன்று ஜோடி இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, எது யாருடையது என்று கையில் நூல் கட்டிவைத்த கதை. நான் செக்கிங் மேஜையில் உட்கார்ந்தபடியே கண் திறந்து தூங்குகிற விதத்தைச் செய்து காட்டுவேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொள்வார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் மதினியோடு நான் இவ்வளவு பேசியதில்லை. பேசலாம் என்றும் தெரிந்திருக்கவில்லை. மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே அங்கே வந்து இறங்கினாள். அத்தை அவள் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்க்கும்போது இருவரும் என்னைப் பற்றி ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். என்ன என்று நான் கேட்கவில்லை.

மாசி மாசம். அந்தத் தெருக்கோடிப் பனைமரங்களுக்குக் காலையிலும் மாலையிலும் ஒரு கிளிக்கூட்டம் வரும். டாக்டர் சொன்னபடி ஒரு காலையில் மாடி ஜன்னலைத் திறந்துவைத்தோம். இவரும் கடையைத் திறக்காமல் வந்திருந்தார். கிளி ஜன்னல் கட்டையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் பறந்தது. அங்கே தொட்டி விளிம்பில் நின்று எங்களைப் பார்த்தது. இவர் கூப்பிட வாயைத் திறந்தார். மதினி அவர் கையைப் பிடித்தார். "கூப்புடாதல."

மத்தியானமே பசித்து ஜன்னலுக்குத் திரும்பிவிட்டது. இப்படிப் பதினைந்து நாளுக்கு மேல் போவதும் வருவதுமாக இருந்தது. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருதரம் வந்தது. பிறகு கூட்டத்தோடு வந்து, கூட்டத்தோடு போனது. பங்குனியில் ஒருநாள் மதினி போனில், "வந்து அஞ்சு நாளாச்சு ஏட்டி" என்றார். அன்றைக்கும் நான் பஸ் ஏறிப் போனேன். கிளி இல்லாவிட்டால் என்ன, மூன்று மணிக்கு அங்கே போய்விட வேண்டும் என்று என் காலுக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தேன்.

மறுவருஷம் டாக்டருக்குச் சொந்த மாவட்டத்துக்கே மாற்றல் வந்தது. மதினி அவருக்கு அந்தப் பாலாடையைக் கொடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்றவர், வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பொங்கலுக்கு அவரிடமிருந்து இன்னும் வாட்ஸ்அப் வருகிறது, சில நேரம் ஏதாவது ஒரு பறவைக்குஞ்சுப் படத்தோடு.

மதினிக்கு முழங்கால் முடியாமல் போய்விட்டது. போன வருஷம் மகன் வந்து திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டான். வீட்டுச் சாவி எங்களிடம் இருக்கிறது. மாசத்துக்கு ஒருதரம் இவரும் நானும் போய்ப் பெருக்கிவிட்டு வருகிறோம். மாடி அறையில் அந்தக் கிளைகளை இவர் இன்னும் கழற்றவில்லை. நானும் சொல்லவில்லை. பெருக்கி முடித்துப் படியில் உட்கார்ந்து கொண்டுபோன காப்பியைக் குடிப்போம். பனைமரத்துக்குக் கூட்டம் வரும். கீச்கீச்சென்று வானமே அதிரும். அதில் எது எங்களுடையது என்று தெரியாது. இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

போன வாரம் மதினி போனில் பேசும்போது, அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நாலாவது மாடி வீடு. காற்றும் வெளிச்சமும் இருக்கிறதாம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம்.

"ஆனா இங்க பூராப் புறாதான் ஏட்டி. வருது, திங்குது, போகுது. ஒண்ணுக்காவது ஒரு வார்த்த பேசத் தெரியணுமே" என்றார்.